சக்கர நாற்காலியில் இருப்பவர் 11ஆம் மாடியிலிருந்து எப்படி இறங்குவார்? தீ ஒத்திகைத் திட்டத்துக்கு ஆலோசனை வேண்டும்

செங்காங்வாசி

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் பக்கம் ஓர் அலுவலகத்தில் நிர்வாகப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் அலுவலகம் 11ஆம் மாடியில். இந்த ஆண்டு என்னை செர்ட் குழுவில் (நிறுவனத்தின் அவசரநிலை உதவிக் குழு) போட்டிருக்கிறார்கள்.

போன ஒத்திகையில் மணி அடித்ததும் நாங்கள் எல்லாரும் படியிறங்கினோம். சக்கர நாற்காலியில் இருக்கும் சக ஊழியரிடம் மட்டும், “இது ஒத்திகைதானே, நீங்கள் வர வேண்டாம், இடத்திலேயே இருங்கள்” என்று சொல்லிவிட்டார்கள். கீழே தலை எண்ணும்போது அவரையும் வந்தவர் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். உண்மையில் தீப்பிடித்திருந்தால் மேலே ஒருவர் இருக்கிறார் என்பதே யாருக்கும் தெரிந்திருக்காது.

எழுதி வைத்திருக்கும் திட்டத்தைத் திறந்து பார்த்தேன். “உதவி தேவைப்படுவோருக்கு ஊழியர்கள் உதவ வேண்டும்” என்று ஒரே ஒரு வரி. யார் உதவுவது, எதைக் கொண்டு, எந்தப் படிக்கட்டில், எதுவும் இல்லை. எங்கள் தளத்தில் காது கேளாத தம்பி ஒருவர் இருக்கிறார், நிறைமாதத்தை நெருங்கும் ஒரு பெண் இருக்கிறார், முட்டி அறுவை சிகிச்சை முடிந்து வந்த ஒருவரும் இருக்கிறார். இந்தப் பகுதியை முழுதாகத் திருத்தி எழுதலாம் என்று மேலாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஜூரோங் தம்பி

நல்ல வேலை செய்கிறீர்கள் அக்கா. எங்கள் இடத்தில் நாலு பேர் சேர்ந்து நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இறங்குவது என்று பேசி வைத்திருக்கிறோம். பலசாலிப் பையன்கள் நாலு பேரைக் குறித்து வைத்தால் போதாதா?

நாலு சக்கரம்

தம்பி, உதவ வேண்டும் என்ற மனம் இருக்கிறதே, அதற்கு முதலில் நன்றி. ஆனால் இதைக் கேளுங்கள். நான் பயன்படுத்துவது மின்கலத்தில் ஓடும் சக்கர நாற்காலி. நான் உட்காராமலே அது 100 கிலோவுக்கு மேல். மாடிப்படியில் திரும்பும் இடத்தில் நாலு பேரும் நாற்காலியும் ஒன்றாகத் திரும்ப இடம் இருக்காது. ஒருவர் கால் தவறினால் ஐந்து பேரும் விழுவோம், பின்னால் வருபவர்களுக்கும் வழி அடைபடும்.

நாற்காலியை விட்டுவிட்டு ஆளை மட்டும் தூக்கலாமே என்பார்கள். என்னை அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால் தோள்மூட்டு நழுவிவிடும். கால்கள் திடீரென்று விறைத்து உதைக்கும். சிறுநீர்க் குழாய் இருக்கிறது, அது எங்கே மாட்டியிருக்கிறது என்று தெரியாமல் இழுத்தால் காயம் ஆகும். இவ்வளவும் என்னைக் கேட்டால்தான் தெரியும்.

இன்னொன்று, சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி இல்லை. சிலர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு மாடி இறங்குவார்கள். சிலர் படியில் உட்கார்ந்து உட்கார்ந்தே தானாக இறங்கிவிடுவார்கள், அதுதான் தங்களுக்குப் பாதுகாப்பு என்பார்கள். சிலரால் முதுகுக்குச் சாய்மானம் இல்லாமல் உட்காரவே முடியாது. எனவே செங்காங் அக்கா, உங்கள் திட்டத்தை எழுதத் தொடங்கும் முன் அந்தச் சகோதரரோடு உட்காருங்கள். அவரைப் பற்றி ஒரு கூட்டம் போட்டு முடிவெடுத்துவிட்டு அப்புறம் அவருக்குச் சொல்வது என்று வைத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் அலுவலகத்தில் முதலில் அப்படித்தான் செய்தார்கள். பயிற்சி பெற்ற துணை என்று இரண்டு பேரைக் குறித்தார்கள், இரண்டு பேருமே நான் வேலை செய்யாத தளத்தில் இருந்தார்கள்.

தீக்கதவு

தீப் பாதுகாப்பு மேலாளராகப் பல கட்டடங்களில் வேலை செய்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அடிப்படை. அலுவலகம், கடைத்தொகுதி போன்ற கட்டடம் 9 மாடிக்குக் குறையாமல் இருந்தால் அதற்குத் தீப் பாதுகாப்பு மேலாளர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். ஆண்டுக்கு 2 முறை வெளியேற்ற ஒத்திகை நடத்துவது அவர் பொறுப்பு. உங்கள் கட்டடத்துக்கும் ஒருவர் இருப்பார். உங்கள் நிறுவனம் தனியாக ஒரு திட்டம் எழுதி மேசைக்குள் வைத்துக்கொண்டால் பயன் இல்லை. அவருக்குத் தெரிய வேண்டும், அவர் கையில் இருக்கும் பட்டியலில் உங்கள் தளத்து ஆட்கள் இருக்க வேண்டும். குடிமைத் தற்காப்புப் படையினர் (தீயணைப்பு, மீட்புப் படை) வந்து இறங்கியதும் முதலில் அவரிடம்தான் விவரம் கேட்பார்கள்.

அடுத்தது காத்திருக்கும் இடம். புதிய கட்டடங்களில், உடற்குறையுள்ளோர் பாதுகாப்பாகக் காத்திருக்க ஓர் இடம் குறிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் புகை புகாதபடி கட்டப்பட்ட படிக்கட்டு அல்லது ஃபயர் லிஃப்ட் (தீயணைப்பு வீரர்களுக்கான மின்தூக்கி) முன்கூடத்தை ஒட்டி இருக்கும். பழைய கட்டடத்தில் அப்படிக் குறித்திருக்க மாட்டார்கள். அங்கே கட்டட மேலாளரோடு நடந்துபோய் எது தகுந்த இடம் என்று தீர்மானிக்க வேண்டும். நாற்காலி நின்றால் இறங்கும் கூட்டத்துக்கு இடைஞ்சல் ஆகக்கூடாது. கதவு தானாக மூடும் தீக்கதவாக இருக்க வேண்டும். அந்தக் கதவுக்கு ஆப்பு வைத்துத் திறந்து வைக்கும் பழக்கம் பல அலுவலகங்களில் உண்டு. அதை இன்றைக்கே நிறுத்துங்கள். கதவு திறந்திருந்தால் புகை உள்ளே வந்துவிடும், பாதுகாப்பான இடம் என்ற பேச்சுக்கே அர்த்தம் இல்லை.

இப்போது முக்கியமான விஷயம். காத்திருக்கும் இடத்தில் ஒருவரைத் தனியாக விட்டுவிட்டு வருவதைத் திட்டம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கூட ஒருவர் நிற்க வேண்டும். இன்னொருவர் கீழே போய், “11ஆம் மாடி, பி படிக்கட்டு, இரண்டு பேர், ஒருவர் சக்கர நாற்காலியில்” என்று ஆளிடம் நேரில் சொல்ல வேண்டும். கைப்பேசியில் பேசிக்கொள்ள முடிகிறதா என்று அந்த இடத்திலேயே நின்று பாருங்கள். கான்கிரீட் படிக்கட்டில் பல நேரம் சிக்னல் இருக்காது.

தலை எண்ணிக்கை பற்றி நீங்கள் சொன்னது எனக்குக் கோபத்தையே வரவழைத்தது. வராதவரை வந்தவராக எழுதிய பட்டியல், தேடப்போகும் வீரர்களை அவர் இருக்கும் தளத்துக்கு அனுப்பாது. ஒத்திகையில் அவர் மேலே இருந்தால் “மேலே, இன்ன இடத்தில்” என்றுதான் எழுத வேண்டும்.

ஜூரோங் தம்பி

நாலு சக்கரம் அண்ணே, புரிந்தது. எங்கள் இடத்திலும் சம்பந்தப்பட்டவரைக் கேட்கச் சொல்லி நாளைக்கே பேசுகிறேன்.

தீக்கதவு சார், ஒரு சந்தேகம். ஃபயர் லிஃப்ட் என்று ஒன்று இருக்கிறதே, அதில் நாமே அவரை ஏற்றிக் கீழே அனுப்பிவிட்டால் என்ன?

தீக்கதவு

நாமாக ஏறக்கூடாது தம்பி. ஃபயர் லிஃப்டுக்கு அவசர மின்சாரம் உண்டு, அதை இயக்கத் தனிச் சுவிட்ச் உண்டு. தீயணைப்பு வீரர்கள் கையில் எடுத்தபின் அவர்களே அதில் ஆட்களை இறக்குவார்கள். அந்த நேரத்தில் நாம் அதை மேலும் கீழும் இழுத்துக்கொண்டிருந்தால் அவர்கள் மேலே வருவது தாமதமாகும். சாதாரண மின்தூக்கியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 1972 நவம்பரில் ராஃபிள்ஸ் பிளேசில் ராபின்சன்ஸ் கடை எரிந்து 9 பேர் இறந்தார்கள். மின்சாரம் நின்று மின்தூக்கிக்குள் மாட்டிக்கொண்டவர்களும் அதில் உண்டு. மூத்தவர்களைக் கேட்டால் இன்னும் சொல்வார்கள்.

கண்ணால் கேட்பவன்

எனக்குக் காது கேட்காது. செங்காங் அக்கா சொன்ன அந்தத் தம்பியின் இடத்தில் இருந்து எழுதுகிறேன்.

என் மேசைக்குப் பக்கத்தில் இருக்கும்போது பிரச்சினையே இல்லை, எல்லாரும் எழுவது தெரியும். சிக்கல் கழிவறை, சரக்கறை, தனியாக உட்காரும் சிறிய அறை, வேலை நேரம் முடிந்தபின் தனியாக இருக்கும் நேரம். அங்கே மின்னும் விளக்கு இல்லையென்றால் நான் கடைசி ஆள். முதலில் கழிவறையில் மின்னும் விளக்கு எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். உடனே பொருத்த முடியாவிட்டால், தளத்தைச் சுற்றிப் பார்க்கும் வார்டன் கதவைத் தட்டிவிட்டுப் போகாமல் உள்ளே நுழைந்து பார்க்க வேண்டும். தட்டினால் எனக்குக் கேட்காது!

துணைக்கு இருப்பவரும் நானும் மூன்று சைகைகளை முடிவு செய்துவைத்திருக்கிறோம்: தீ, இந்தப் படி அடைபட்டது, நில். சைகைமொழி முழுதும் கற்க வேண்டியதில்லை. 995 என்ற அவசர எண்ணை அழைத்துப் பேச முடியாத எங்களுக்கு 70995 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் வசதி இருக்கிறது. அந்தத் தம்பிக்கு அது தெரியுமா என்று கேளுங்கள், அவர் கைப்பேசியில் முகவரியோடு வரைவுச் செய்தியாக எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

பிசியோ

மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். இவாக் சேர் (படிக்கட்டில் ஆளை இறக்கும் நாற்காலி) வாங்கலாமா என்று அடுத்து யாராவது கேட்பீர்கள், அதனால் முன்கூட்டியே.

வாங்கலாம், நல்ல கருவி. அடியில் ரப்பர் பட்டை இருக்கும், படியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வழுக்கி இறங்கும். பழகியவர் ஒருவரே ஒருவரை இறக்கிவிடலாம், இரண்டு பேர் இருந்தால் நிம்மதி. ஆனால் பெரும்பாலான மாதிரிகள் கீழே இறக்க மட்டுமே. உங்கள் ஆள் அடித்தளத்தில் வேலை செய்தால், மேலே ஏற வேண்டியிருந்தால், அது உதவாது. வாங்கும் முன் இதைக் கேளுங்கள்.

படியில் இறக்குவதைவிடக் கடினமானது சக்கர நாற்காலியிலிருந்து அதற்கு மாற்றுவது. அங்கேதான் நேரம் போகும், அங்கேதான் ஆள் விழுவார். எனவே பயிற்சியின் பெரும்பகுதியை அதற்குக் கொடுங்கள். முதலில் நல்ல உடல்நிலையில் இருக்கும் ஒருவரை உட்கார வைத்துப் பழகுங்கள். நன்றாகக் கை வந்தபின், சக்கர நாற்காலியில் இருப்பவர் சம்மதித்தால் மட்டும் அவரோடு செய்யுங்கள். சம்மதிக்காவிட்டால் வற்புறுத்த வேண்டாம், மாற்றுவது எப்படி என்று வாயால் சொல்லச் சொல்லி ஒவ்வொரு படியாகச் செய்து காட்டலாம்.

எல்லாரும் மறப்பது ஒன்று உண்டு. அவரைக் கீழே இறக்கிவிட்டீர்கள், அவருடைய நாற்காலி மேலே இருக்கிறது. ஒன்றுகூடும் இடத்தில் அவர் எதில் உட்காருவார்? இவாக் சேரில் நீண்ட நேரம் உட்கார்ந்தால் சிலருக்குப் புண் வந்துவிடும். சாதாரண மடக்கு சக்கர நாற்காலி ஒன்றைக் கீழ்த்தளக் காவலர் அறையில் வைத்துவிடுங்கள்.

நாலு சக்கரம்

பிசியோ சொன்ன கடைசிப் பத்தியை அச்சிட்டு ஒட்ட வேண்டும். நாற்காலி இல்லாமல் வெயிலில் நடைபாதையில் என்னை உட்கார வைத்த அனுபவம் எனக்கு உண்டு. அது வெறும் ஒத்திகை.

மரைன் பரேட்

மனிதவளப் பிரிவில் இருக்கிறேன், அதனால் வேறு பக்கத்திலிருந்து ஒரு கேள்வி. யாருக்கு உதவி தேவை என்று பட்டியல் எடுக்கும்போது ஊழியர்கள் சங்கடப்படுகிறார்கள். இதய நோய், வலிப்பு, ஆஸ்துமா இருப்பவர்கள் வெளியில் சொல்ல விரும்புவதில்லை. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. எப்படிக் கேட்கிறீர்கள்?

தீக்கதவு

நோயைக் கேட்காதீர்கள், தேவையைக் கேளுங்கள். “நிற்காமல் 11 மாடி இறங்க முடியுமா? மணி அடித்தால் உங்களுக்குத் தெரியவருமா? யாராவது கூட வர வேண்டுமா?” இந்தக் கேள்விகளை எல்லா ஊழியருக்கும் ஒரே படிவத்தில் அனுப்புங்கள், குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் அல்ல. பட்டியலிலும் “வலிப்பு” என்று எழுத வேண்டாம், “துணை தேவை, நடுவில் ஓய்வு தேவை” என்றால் போதும். பார்ப்பவர் யார் யார் என்பதையும் அந்தப் படிவத்திலேயே சொல்லிவிடுங்கள்.

நிலைமை மாறும். இன்று முட்டி அறுவை முடிந்து வந்தவர் மூன்று மாதத்தில் ஓடுவார், கர்ப்பிணிப் பெண் விடுப்பில் போவார், வேறு யாராவது கால் உடைந்து வருவார். ஒத்திகைக்கு ஒத்திகை புதுப்பியுங்கள். வருகையாளர்களை மறக்காதீர்கள்: வரவேற்பு மேசையில் இருப்பவர் “படியிறங்க உதவி வேண்டுமா?” என்று ஒரு வார்த்தை கேட்டுக் குறித்து வைக்கலாம்.

தோ பாயோ மகள்

நீங்கள் எல்லாரும் அலுவலகம் பற்றிப் பேசுகிறீர்கள். என் கவலை வீடு. அம்மா படுத்த படுக்கை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, 9ஆம் மாடி. பகலில் பணிப்பெண்ணும் அம்மாவும் மட்டும். வெடிகுண்டு அறைக்குள் அம்மாவைத் தள்ளிக்கொண்டு போய்க் கதவை மூடச் சொல்லலாமா என்று அண்ணன் கேட்கிறார். புளோக்கில் மணி கிடையாது, மேலாளர் கிடையாது. என்ன செய்வது?

தீக்கதவு

அம்மா, உங்கள் கேள்விக்குத்தான் இங்கே அதிக இடம் கொடுக்க வேண்டும்.

வெடிகுண்டு அறை வேண்டாம். அது போர்க்காலத்துக்காகக் கட்டியது. தீ நேரத்தில் உள்ளே போனால் சன்னல் இல்லை, உதவி கேட்டுக் கை அசைக்க முடியாது, நீங்கள் உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது.

இரண்டு நிலைமையைப் பிரித்துப் பாருங்கள். தீ வேறு வீட்டில் என்றால், காரிடாரில் புகை இருந்தால், வெளியே வராதீர்கள். கதவை மூடி, கீழ் இடுக்கில் ஈரத் துணி அடைத்து, சன்னல் பக்கம் அம்மாவை நகர்த்தி, 995க்கு அழைத்து, மாடி எண்ணையும் “படுக்கையில் இருப்பவர்” என்பதையும் சொல்ல வேண்டும். வீடுகளுக்கு இடையே கான்கிரீட் சுவர் இருப்பதால் உள்ளே இருப்பது பல நேரம் புகைக்குள் இறங்குவதைவிடப் பாதுகாப்பு.

தீ உங்கள் வீட்டுக்குள்ளேயே என்றால் அம்மாவை வெளியே கொண்டுவந்து, கதவைச் சாத்திவிட்டு, புகைக்கு விலகிப் போக வேண்டும். இங்கேதான் முன்னேற்பாடு தேவை. அம்மாவின் கட்டில் எந்த அறையில்? சமையலறையைத் தாண்டித்தான் வாசலுக்கு வர வேண்டுமா? முடிந்தால் வாசலுக்கு அருகில் உள்ள அறைக்கு மாற்றுங்கள். மெத்தைக்கு அடியில் உறுதியான போர்வை ஒன்றை எப்போதும் விரித்து வைத்தால், அதன் முனைகளைப் பிடித்துத் தரையோடு இழுத்துவிடலாம். ஒரு பெண்ணால் தூக்க முடியாதவரை இழுக்க முடியும். கேட்டுக்குப் பூட்டு போடும் வழக்கம் இருந்தால் சாவி கேட்டுக்குப் பக்கத்திலேயே, பணிப்பெண் கைக்கு எட்டும் இடத்தில், வெளியார் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும்.

வீட்டுக்குள் புகை எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா? 2018 ஜூன் முதல் கட்டப்படும் புதிய வீடுகளில் அது கட்டாயம். தோ பாயோவில் பழைய புளோக் என்றால் நீங்களாகத்தான் வாங்கிப் பொருத்த வேண்டும். விலை பெரிதில்லை, பேட்டரியில் ஓடும்.

காரிடாரில் 1.2 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்பது விதி. பக்கத்து வீட்டுச் செடி, சைக்கிள், செருப்பு அலமாரி எல்லாம் சேர்ந்து அதைக் குறைத்திருந்தால், சண்டையாக இல்லாமல், “அம்மாவைப் படுக்கையோடு இந்த வழியாகக் கொண்டுபோக வேண்டும்” என்று சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். அப்படிக் கேட்கும்போதே அந்த வீட்டாருக்கு அம்மா இருப்பதும் தெரிந்துவிடும்.

பிசியோ

தோ பாயோ மகளுக்கு இன்னும் இரண்டு. அம்மாவுக்கு ஆக்சிஜன் இயந்திரம் இருந்தால் அதே அறையில் குத்துவிளக்கு, கற்பூரம், ஊதுபத்தி எதுவும் கூடாது. சாமி படம் அங்கே இருக்கட்டும், விளக்கை வேறு அறையில் ஏற்றுங்கள். ஆக்சிஜன் ஊறிய துணியும் போர்வையும் சாதாரணமாகப் பற்றுவதைவிடப் பல மடங்கு வேகமாகப் பற்றும். படுக்கைப் புண் வராமல் தடவும் பாரஃபின் கலந்த களிம்புகளும் துணியில் ஊறினால் எளிதில் தீப்பிடிக்கும், துணிகளை அடிக்கடி மாற்றுங்கள். ஒவ்வொரு வீட்டுக்குப் போகும்போதும் இதை நான் சொல்கிறேன், பலருக்கும் இது புதுச் செய்தியாகவே இருக்கிறது.

பணிப்பெண்ணுக்கு அவருடைய மொழியில் எழுதிக் கொடுங்கள், போர்வையில் இழுப்பதை உங்கள் முன்னால் ஒருமுறை செய்து பார்க்கச் சொல்லுங்கள். உங்களைப் படுக்க வைத்து இழுக்கட்டும், அம்மாவை வைத்து அல்ல.

தோ பாயோ மகள்

ஆக்சிஜன் இருக்கிறது. விளக்கும் அதே அறையில்தான் இருக்கிறது. இன்றைக்கே மாற்றுகிறேன். மிகவும் நன்றி.

வாசிப்பவள்

இந்த இழையைப் படித்ததும் இரண்டு சம்பவங்கள் நினைவுக்கு வந்தன. நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் 1993இல் குண்டு வெடித்தபோது, கைகால் செயலிழந்த ஓர் ஊழியரைக் கீழே கொண்டுவரப் பல மணி நேரம் ஆனது. அதன்பிறகு அங்கே இவாக் சேர்கள் வாங்கி வைத்தார்கள். 2001 செப்டம்பர் 11 அன்று அதே மனிதரை 69ஆம் மாடியிலிருந்து சக ஊழியர்கள் பத்துப் பேர் முறை மாற்றி இறக்கி வெளியே கொண்டுவந்தார்கள். கருவியும் ஆட்களும் அந்தத் தளத்திலேயே இருந்ததால்தான் முடிந்தது.

மற்றது லண்டன் கிரென்ஃபெல் கட்டடம், 2017 ஜூன். 72 பேர் இறந்தார்கள். தானாக இறங்க முடியாத குடியிருப்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி வெளியேற்றத் திட்டம் வேண்டும் என்று விசாரணைக் குழு 2019இல் பரிந்துரைத்தது. வீடுகளுக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். நம் புளோக்குகளில் மூத்தோர் பெருகிக்கொண்டே வருகிறார்கள். வசிப்போர் கட்டமைப்பு (குடியிருப்பாளர் குழு) நடத்தும் அவசரநிலை ஒத்திகைகளில் துள்ளி நடப்பவர்களையே பார்க்கிறேன். அந்தப் புளோக்கில் நடக்க முடியாதவர்கள் வீட்டுக்கு யாராவது போய், “உங்களை எப்படி இறக்குவது?” என்று கேட்க வேண்டும்.

மரைன் பரேட்

எங்கள் வட்டாரத்தில் மூத்தோர் நிலையத் தொண்டூழியர்கள் வீட்டுக்கு வீடு போகிறார்கள். அவர்களிடம் இந்த ஒரு கேள்வியையும் சேர்க்கச் சொல்லிப் பார்க்கிறேன்.

செங்காங்வாசி

எல்லாருக்கும் நன்றி. இன்று மதியம் அந்தச் சக ஊழியரோடு உட்கார்ந்தேன். போன ஒத்திகை பற்றி அவர் மனத்தில் நிறைய இருந்தது, கேட்டுக்கொண்டேன். அவரால் தானாக இவாக் சேருக்கு மாற முடியுமாம், நாற்காலியின் இடது பக்கம் நிறுத்தினால் போதும் என்றார். இதை நாங்கள் யாரும் ஊகித்திருக்க மாட்டோம். துணைக்கு அவரே இரண்டு பேரைச் சொன்னார். பி படிக்கட்டுக்கு இருவரும் போய்ப் பார்த்தோம். கதவுக்கு ஆப்பு இருந்தது, எடுத்துவிட்டேன். அங்கே கைப்பேசிச் சிக்னலும் இல்லை, கட்டட மேலாளரிடம் வாக்கிடாக்கி கேட்டிருக்கிறேன்.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். அந்த இரண்டு பேரும் ஒரே நாளில் விடுப்பில் இருந்தால்?

நாலு சக்கரம்

நாலு பேரைப் பழக்குங்கள். காலையில் அவர் வேலைக்கு வந்ததும், அன்றைக்கு யார் துணை என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் விடுப்பு விண்ணப்பத்திலேயே ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: “என் துணைப் பொறுப்பை இன்று ஏற்பவர்”. அந்த இடத்தை நிரப்பாமல் விடுப்பு கிடைக்காது. அவர் இரவு தாமதமாக வேலை செய்யும் நாட்களுக்கும் காவலரைச் சேர்த்து அதே ஏற்பாடு. வரைவு முடிந்ததும் அவர் பெயரை நீக்கிவிட்டு இங்கே போடுங்கள், எல்லாரும் பார்த்துச் சொல்கிறோம்.